டி.என்.ஏ-வின் இரண்டு இழைகளில் எதைப் பார்த்து ஆர்.என்.ஏ எழுதப்படுகிறது? அதை யார் முடிவு செய்கிறார்கள்?

கேள்வி: கோமதி, செம்பூர்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் மத்திய பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் படிக்கிறாள். நான் திருநெல்வேலிப் பக்கம் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயிரியல் படித்தவள். திருமணமாகி மும்பைக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பாடத்தில் ஐயம் வந்தால் அவள் ஆங்கிலத்தில் கேட்பாள், நான் தமிழில் யோசித்து விடை சொல்வேன். இதுவரை வண்டி ஒருவாறு ஓடியது. மரபுத் தகவலின் மூலக்கூறு அடிப்படை என்னும் பாடத்தில் படியெடுத்தல் வந்ததும் இருவருமே நின்றுவிட்டோம்.

புத்தகம் சொல்வது இதுதான்: டி.என்.ஏ-வின் இரண்டு இழைகளில் ஒன்று மட்டுமே ஆர்.என்.ஏ-வாகப் படியெடுக்கப்படுகிறது; அதற்கு வார்ப்புரு இழை என்று பெயர்; எதற்கும் குறியீடாகப் பயன்படாத மற்றோர் இழைக்குக் குறியீட்டு இழை என்று பெயர். வேலை செய்யாத இழைக்கு ஏன் அந்தப் பெயர் என்பது மகளின் முதல் கேள்வி. இதற்கு நான் ஓரளவு சமாளித்துவிட்டேன்.

அடுத்த கேள்வியில்தான் அகப்பட்டுக்கொண்டேன். இரண்டு இழைகளையும் ஏன் படியெடுப்பதில்லை என்பதற்குப் புத்தகத்தில் இரண்டு காரணங்கள் உள்ளன. அப்படி எடுத்தால் ஒரே இடத்திலிருந்து இரண்டு வேறுபட்ட புரதங்கள் உண்டாகும் என்பது ஒன்று. உண்டான இரண்டு ஆர்.என்.ஏ-க்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புரதமாக மொழிபெயர்க்கப்படாமல் போகும் என்பது மற்றொன்று. அதைப் படித்துவிட்டு அவள், "அம்மா, இது ஏன் நடக்கக்கூடாது என்பதற்கான காரணம்தானே, நடக்காமல் எப்படித் தடுக்கப்படுகிறது என்று எங்கேயும் சொல்லவில்லையே. இழைகளில் சிவப்பு, பச்சை என்று வண்ணமா பூசியிருக்கிறது, நொதி பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு?" என்று கேட்டாள். டியூஷன் ஆசிரியர் தேர்வுக்கு இவ்வளவு போதும் என்று சொல்லிவிட்டார். தேர்வுக்குப் போதும்தான், ஆனால் அவளுக்குப் போதவில்லை.

இன்னொரு சிறிய ஐயமும் உண்டு. டி.என்.ஏ இரட்டிக்கும்போது முறுக்கைப் பிரிப்பதற்கு ஹெலிகேஸ் என்னும் தனி நொதி இருப்பதாகப் படித்திருக்கிறோம். படியெடுத்தலில் அதன் பெயரே வரவில்லை. அப்படியானால் முறுக்கை யார் பிரிக்கிறார்கள்? தெரிந்தவர்கள் தமிழில் விளக்கினால் நான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும்.

பதில்: சுந்தரராஜன், மாட்டுங்கா

கோமதி அம்மாவுக்கு வணக்கம். முப்பத்தொரு ஆண்டுகள் ஜூனியர் கல்லூரியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மகள் கேட்ட கேள்வியை அத்தனை ஆண்டுகளில் என்னிடம் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேட்காதவர்கள் எல்லாரும் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன், அது என் பிழை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வங்கியில் ரப்பர் முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். கட்டையில் எழுத்துகள் இடவலம் மாறி வெட்டப்பட்டிருக்கும்; காகிதத்தில் குத்திய பிறகுதான் அவை நேராகும். வார்ப்புரு இழை அந்த முத்திரைக் கட்டை. காகிதத்தில் பதிந்த வாசகம் ஆர்.என்.ஏ. முத்திரை செய்பவரிடம் "இப்படி வர வேண்டும்" என்று நாம் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்போமே, அந்தத் தாள்தான் குறியீட்டு இழை. முத்திரை குத்தும்போது அந்தத் தாளுக்கு வேலையில்லை, ஆனால் குத்தி முடித்ததும் காகிதத்தில் தெரிவது அதில் இருந்த வாசகமே. பெயர் அதனால் வந்தது.

ஒரு சிறு துண்டை எடுத்து எழுதிப் பார்ப்போம். டி.என்.ஏ-வை ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு வேதி எழுத்துகளின் வரிசை என்று கொள்ளலாம்; இழையின் ஒரு முனைக்கு 5 பிரைம் என்றும் மறுமுனைக்கு 3 பிரைம் என்றும் பெயர். குறியீட்டு இழையில் 5 பிரைம் முனையிலிருந்து தொடங்கி ஏ-டி-ஜி-ஜி-சி-ஏ-டி-டி-சி என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏ-வுக்கு டி-யும் ஜி-க்கு சி-யும் இணை என்பதால், அதற்கு நேர் எதிரே, 3 பிரைம் முனையிலிருந்து தொடங்கும் வார்ப்புரு இழையில் டி-ஏ-சி-சி-ஜி-டி-ஏ-ஏ-ஜி என்று இருக்கும். நொதி அந்த வார்ப்புருவைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்துக்கும் இணையானதை எடுத்துக் கோத்தால், ஆர்.என்.ஏ-வில் டி-க்குப் பதிலாக யு வரும் என்ற ஒரே மாற்றத்துடன் ஏ-யு-ஜி-ஜி-சி-ஏ-யு-யு-சி கிடைக்கும். மும்மூன்றாகப் பிரித்தால் மெத்தியோனின், அலனின், ஃபினைல்அலனின் என்னும் மூன்று அமினோ அமிலங்கள். இதையே மாற்றி, குறியீட்டு இழையை வார்ப்புருவாகக் கொண்டு எழுதினால் எதிர்முனையிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது ஜி-ஏ-ஏ-யு-ஜி-சி-சி-ஏ-யு என்று வரும், அதன் பொருள் குளூட்டமிக் அமிலம், சிஸ்டீன், ஹிஸ்டிடின். இரண்டு வாசகங்களுக்கும் எந்த ஒட்டுமில்லை. எந்த இழை என்பது செல்லுக்கு வாழ்வா சாவா என்னும் அளவுக்கு முக்கியம் என்பதை மகளே எழுதிப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இனி அவளுடைய உண்மையான கேள்விக்கு வருகிறேன். செம்பூர் நிலையத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். ஒரு தண்டவாளம் சி.எஸ்.எம்.டி பக்கம் போவதற்கு, இன்னொன்று பன்வேல் பக்கம் போவதற்கு. வரும் ரயில் எந்தத் தண்டவாளத்தில் ஓடும் என்று நீங்கள் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. எந்தப் பக்கம் போகும் ரயில் என்று தெரிந்தால் போதும், தண்டவாளம் தானே தெரிந்துவிடும். டி.என்.ஏ-வின் இரண்டு இழைகளும் அவ்வாறே ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அமைந்தவை. ஆர்.என்.ஏ பாலிமரேஸ் என்னும் நொதி வார்ப்புருவின் மீது 3 பிரைமிலிருந்து 5 பிரைம் நோக்கி மட்டுமே நகர முடியும், ஏனென்றால் புதிய எழுத்தை வளரும் ஆர்.என்.ஏ-வின் 3 பிரைம் முனையில் மட்டுமே அதனால் சேர்க்க இயலும். ஆகவே நொதி இடப்பக்கம் போகிறதா வலப்பக்கம் போகிறதா என்பது முடிவான அந்தக் கணமே எந்த இழை வார்ப்புரு என்பதும் முடிவாகிவிடுகிறது. இழையைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு தனி வேலையே செல்லில் கிடையாது. திசையைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை.

திசையை யார் காட்டுகிறார்கள்? மரபணுவுக்கு முன்னால் அமைந்த புரோமோட்டர் என்னும் தொடக்கப் பகுதி. எஸ்செரிசியா கோலை என்னும் பாக்டீரியாவில் இது மிகத் தெளிவாக ஆராயப்பட்டிருக்கிறது. படியெடுக்கத் தொடங்கும் இடத்துக்குச் சுமார் 10 எழுத்துகள் முன்னால் டி-ஏ-டி-ஏ-ஏ-டி என்பதையோ அதை ஒத்ததையோ காணலாம். 1975-ல் இதைக் கவனித்துச் சொன்னவர் பெயரால் பிரிப்னோ பெட்டி என்பார்கள். சுமார் 35 எழுத்துகள் முன்னால் டி-டி-ஜி-ஏ-சி-ஏ என்பதை ஒத்த இன்னொன்று இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 17 எழுத்துகள் இடைவெளி. பாலிமரேஸுடன் சேர்ந்துகொள்ளும் சிக்மா என்னும் துணைப்புரதம் ஒரு கையால் ஒன்றையும் மறு கையால் மற்றதையும் பற்றிக்கொள்கிறது என்று சொல்லலாம். இரண்டு பிடிகளும் ஒன்றுபோல இருந்தால் சிக்மா எந்தப் பக்கம் திரும்பியும் அமரலாம். வெவ்வேறாக இருப்பதால் அது ஒரே ஒரு வகையில்தான் அமர முடியும். அமர்ந்த நிலையில் பாலிமரேஸின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓட்டம் தொடங்குகிறது. ஓட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் சிக்மா கழன்றுவிடும்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். வார்ப்புரு இழை, குறியீட்டு இழை என்பவை ஒரு முழுக் குரோமோசோமுக்கும் உரிய பெயர்கள் அல்ல. அந்தந்த மரபணுவுக்கு மட்டும் உரியவை. எஸ்செரிசியா கோலையின் டி.என்.ஏ ஏறக்குறைய 46 லட்சம் எழுத்திணைகள் நீளமுடையது. அதிலுள்ள நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களில் சில ஒரு பக்கம் பார்த்து நிற்கும், மற்றவை மறுபக்கம் பார்த்து நிற்கும். ஒரு மரபணுவுக்கு வார்ப்புருவாக இருக்கும் இழையே அடுத்த மரபணுவுக்குக் குறியீட்டு இழையாகிவிடும். பாடப்புத்தகப் படங்களில் எப்போதும் ஒரே மரபணுவை வரைந்து காட்டுவதால் இது மாணவர்களின் கண்ணில் படுவதேயில்லை.

படியெடுத்தல் என்னும் நம் சொல்லையும் பற்றி ஒரு வார்த்தை. ஏட்டுச்சுவடி காலத்திலிருந்து நமக்கு வந்த நல்ல சொல் அது, ஆனால் ஏட்டைப் படியெடுத்தவர் கண்ட எழுத்தையே எழுதினார். இங்கே கண்ட எழுத்துக்கு இணையான எழுத்து எழுதப்படுகிறது. சுவடிக்கட்டு முழுவதும் அல்லாமல் தேவையான ஓர் ஏட்டை மட்டும் எடுப்பது என்ற பொருளில் பார்த்தால் அந்தச் சொல் மிகப் பொருத்தமானதே.

முறுக்கைப் பிரிப்பது பற்றி: பாலிமரேஸே அதைச் செய்துகொள்கிறது. தனி ஹெலிகேஸ் வேண்டியதில்லை, இரட்டித்தலைச் செய்யும் டி.என்.ஏ பாலிமரேஸுக்குத் தேவைப்படுவது போன்ற தொடக்கத் துண்டும் வேண்டியதில்லை. ஒரு நேரத்தில் பன்னிரண்டு முதல் பதினான்கு எழுத்துகள் அளவுக்குத்தான் இழைகள் பிரிந்திருக்கும். நொதி நகர நகர முன்னால் திறந்துகொண்டும் பின்னால் மூடிக்கொண்டும் போகும்.

பதில்: நிவேதிதா, பவாய்

சுந்தரராஜன் ஐயாவின் விளக்கத்தை, குறிப்பாக இழையைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு தனி வேலை இல்லை என்பதை, நான் முதுகலைக்கு வந்த பிறகுதான் தெளிவாகப் புரிந்துகொண்டேன். ஆய்வு மாணவி என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். இரண்டு இடங்களில் ஐயா அனுமதித்தால் திருத்தவும் விரும்புகிறேன்.

திருத்தங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சிக்மா கழன்றுவிடும் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. ஒற்றை மூலக்கூறுகளைப் பின்தொடர்ந்து செய்த சோதனைகளில், அது பல வேளைகளில் உடனே கழலாமல் பாலிமரேஸுடன் ஒட்டிக்கொண்டு சிறிது தொலைவு செல்வதும் தெரியவந்திருக்கிறது. இரண்டாவது, செம்பூர் ரயில் உவமை பாக்டீரியாவுக்குப் பொருந்துகிற அளவுக்கு மனித செல்லுக்குப் பொருந்தாது. நம் செல்களில் பல புரோமோட்டர்களிலிருந்து இரண்டு பக்கமும் பாலிமரேஸ்கள் புறப்படுகின்றன என்பது 2008 அளவில் வெளிவந்த ஆய்வுகளில் தெரிந்தது. மரபணு இருக்கும் பக்கம் போனது நீண்ட ஆர்.என்.ஏ-வாக முழுமை பெறுகிறது. மறுபக்கம் போனது பெரும்பாலும் சிறிது தூரத்திலேயே முடிந்து, உண்டான துண்டும் விரைவில் சிதைக்கப்படுகிறது. ஆகவே உங்கள் மகள் "எப்படித் தடுக்கப்படுகிறது" என்று கேட்டதற்கு மனித செல்லின் விடையில் ஒரு பகுதி இது: எப்போதும் தடுக்கப்படுவதில்லை, நடந்த பிறகு துடைக்கப்படுகிறது. இரண்டு ஆர்.என்.ஏ-க்கள் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதும் வெறும் கற்பனை அல்ல. இரட்டை இழை ஆர்.என்.ஏ ஒரு மரபணுவின் வாயை அடைத்துவிடும் என்பதை 1998-ல் ஒரு புழுவில் காட்டிய ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 2006-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அதே 2006-ல் வேதியியல் நோபல் பரிசு ரோஜர் கோர்ன்பெர்க்குக்குக் கிடைத்தது. ஈஸ்ட் செல்லின் ஆர்.என்.ஏ பாலிமரேஸ் படியெடுத்துக்கொண்டிருக்கும் நிலையிலேயே அதன் உருவத்தை அணு அளவில் படம் பிடித்தவர் அவர். அவருடைய தந்தை ஆர்தர் கோர்ன்பெர்க் டி.என்.ஏ பாலிமரேஸுக்காக 1959-ல் பரிசு பெற்றவர். அந்த ஆண்டு அவருடன் பரிசைப் பகிர்ந்துகொண்ட செவேரோ ஓச்சோவா ஆர்.என்.ஏ-வை உண்டாக்கும் நொதியைக் கண்டதற்காகக் கௌரவிக்கப்பட்டார், ஆனால் அந்த நொதிக்கு வார்ப்புருவே தேவையில்லை. செல்லுக்குள் அது முக்கியமாக ஆர்.என்.ஏ-வைச் சிதைக்கும் வேலையைச் செய்கிறது என்பது பின்னால் தெரிந்தது. உண்மையான பாலிமரேஸ் 1960-ஐ ஒட்டி வெவ்வேறு ஆய்வகங்களில் கண்டறியப்பட்டது. தந்தை இரட்டித்தலுக்கு, மகன் படியெடுத்தலுக்கு என்று பரிசு பெற்ற இந்தக் கதையை மகளிடம் சொன்னால் இரண்டு நொதிகளையும் அவள் குழப்பிக்கொள்ள மாட்டாள்.

முறுக்கைப் பற்றிய கேள்வியில் நான் சற்று நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் பிரிப்பதை விட முறுக்கால் வரும் தொல்லை பெரிது. இரண்டு புரிக் கயிறு ஒன்றை எடுத்து, இரு முனைகளையும் கட்டிவிட்டு, நடுவில் புரிகளுக்கு இடையே ஒரு விரலை நுழைத்து ஒரு பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். விரலுக்கு முன்னால் முறுக்கு ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் விரல் நகராது. பின்னால் புரிகள் தளர்ந்துவிடும். டி.என்.ஏ-வில் ஏறக்குறைய பத்தரை எழுத்துக்கு ஒரு சுற்று. எஸ்செரிசியா கோலையின் பாலிமரேஸ் நொடிக்கு நாற்பது ஐம்பது எழுத்துகள் நகர்கிறது, அதாவது நொடிக்கு நான்கைந்து சுற்றுகள். நொதி டி.என்.ஏ-வைச் சுற்றிச் சுற்றிப் போகலாமே என்றால், வால் போல ஆர்.என்.ஏ தொங்குகிறது; பாக்டீரியாவில் அந்த வாலிலேயே ரைபோசோம்கள் ஏறிப் புரதம் கட்டத் தொடங்கிவிடுகின்றன. அத்தனை சுமையுடன் நொதி சுழல இயலாது. எனவே முன்னால் முறுக்கு கூடுகிறது, பின்னால் குறைகிறது. லியூ, வாங் என்னும் இருவர் 1987-ல் இதை எடுத்துரைத்தார்கள். முன்னால் ஏறும் முறுக்கை வெட்டித் தளர்த்தி மறுபடி ஒட்டுவதற்கு டோபோஐசோமரேஸ் என்னும் நொதிகள் உள்ளன. பாக்டீரியாவில் அந்த வேலையைச் செய்யும் கைரேஸைத்தான் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை தாக்குகிறது. ஆக ஹெலிகேஸ் வேண்டாம் என்பது சரி, உதவியே வேண்டாம் என்பது சரியல்ல.

பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் "தொடக்கம்" என்று முடித்துவிடும் கட்டமும் உண்மையில் அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. புரோமோட்டரில் அமர்ந்த பாலிமரேஸ் இரண்டு, ஐந்து, எட்டு எழுத்துகள் எழுதுகிறது, அந்தச் சிறு துண்டை உதிர்த்துவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பலமுறை இப்படி நடக்கும். அந்த நேரத்தில் நொதி இடத்தை விட்டு நகராமல், முன்னால் உள்ள டி.என்.ஏ-வைத் தனக்குள் இழுத்துச் சுருட்டிக்கொள்கிறது என்பதும், அப்படிச் சேர்ந்த இறுக்கமே ஒரு கட்டத்தில் சிக்மாவின் பிடியை உதறிக்கொண்டு புறப்பட உதவுகிறது என்பதும் 2006-ல் வெளியான சோதனைகளின் முடிவு. ஆர்.என்.ஏ சுமார் பத்து எழுத்துகளைத் தாண்டிவிட்டால் ஓட்டம் நிலைபெற்றுவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் தாக்குவது புறப்படுவதற்கு முந்தைய இந்தத் தடுமாற்றக் கட்டத்தைத்தான்.

மனித செல்லைப் பற்றி விரிவாக எழுதினால் தனிப் பதிவே தேவைப்படும். நமக்கு உட்கருவில் மூன்று பாலிமரேஸ்கள் உள்ளன. புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ-வை எழுதுவது இரண்டாவது. எழுதி முடிப்பதற்குள் முன்முனைக்குத் தொப்பி வைக்கப்படுகிறது, நடுவிலுள்ள, புரதத்துக்கு வேண்டாத இன்ட்ரான் என்னும் பகுதிகள் வெட்டி எறியப்படுகின்றன, வால்முனையில் ஏ எழுத்துகள் வரிசையாகச் சேர்க்கப்படுகின்றன. அளவு தெரிவதற்கு ஓர் எடுத்துக்காட்டு மட்டும் தருகிறேன். தசைக்குத் தேவையான டிஸ்ட்ரோஃபின் புரதத்தின் மரபணு ஏறத்தாழ 22 லட்சம் எழுத்துகள் நீளமுடையது. அதை ஒரு முறை படியெடுத்து முடிக்கப் பாலிமரேஸுக்கு ஏறக்குறைய 16 மணி நேரம் ஆகிறது. வெட்டி ஒட்டிய பிறகு மிஞ்சும் தூது ஆர்.என்.ஏ சுமார் 14,000 எழுத்துகள் மட்டுமே.

கோமதி, செம்பூர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்பது எழுத்துத் துண்டை மகள் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தாள். பிறகு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டிலிருந்த சணல் கயிற்றில் விரலை நுழைத்துப் பார்க்கும் படலமும் நடந்தது. பொங்கல் பானைக்கு வைத்திருந்த கயிறு அது.

நிவேதிதா ரிஃபாம்பிசினைப் பற்றி எழுதியதால் கேட்கிறேன். என் மாமனாருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் காசநோய் வந்து, ஆறு மாதம் அந்த மாத்திரையைச் சாப்பிட்டார். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைக் கண்டு வீடே பயந்தது. படியெடுத்தலைத் தடுக்கும் மருந்து என்றால், நம் செல்களும்தானே படியெடுக்கின்றன; அவருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? மகளுக்கும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: படியெடுக்கும்போது எழுத்துப் பிழை வராதா?

பதில்: சுந்தரராஜன், மாட்டுங்கா

நிவேதிதாவின் திருத்தங்களை மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன். நான் வகுப்பு நடத்தியபோது சிக்மா தவறாமல் கழன்றுவிடும்.

பிழையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மருந்தைப் பற்றி அறிந்தவர் யாரேனும் எழுதட்டும். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று நம்மூரில் சொல்வார்களே, பாலிமரேஸுக்கும் அது பொருந்தும். பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை என்ற அளவில் அது தவறு செய்கிறது. திருத்திக்கொள்ளும் வழியும் அதனிடம் உண்டு: தவறான எழுத்து சேர்ந்தால் ஓட்டம் தடுமாறும், நொதி ஓரிரு எழுத்துகள் பின்வாங்கும், பிழையுள்ள நுனியை வெட்டிவிட்டு மறுபடி எழுதும். இத்தனைக்குப் பிறகும் டி.என்.ஏ இரட்டித்தலின் துல்லியம் இதற்கு வராது. அங்கே எல்லாத் திருத்தங்களுக்கும் பிறகு எஞ்சும் பிழை நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். காரணம் எளியது. ஆர்.என்.ஏ ஒரு மரபணுவிலிருந்து பல படிகளாக எடுக்கப்படுகிறது. பாக்டீரியாவில் ஒரு படியின் ஆயுள் சில நிமிடங்கள். ஒன்றில் பிழை என்றால் அதனுடன் அது ஒழிந்துபோகும். மூல ஏட்டில் விழுந்த பிழை அப்படிப் போகாது.

பதில்: அந்தோணி, தாராவி

அக்கா, வணக்கம். நான் சளி மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ரிஃபாம்பிசின் எங்கள் அன்றாட வேலை என்பதால் எழுதுகிறேன்.

சிறுநீர் நிறம் மாறியது மருந்தின் சொந்த நிறத்தால். வியர்வை, கண்ணீர் ஆகியவற்றிலும் அந்தச் செம்மை வரும். ரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு என்பதால் மருந்து தரும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

மருந்து செய்யும் வேலை இதுதான். பாக்டீரியாவின் பாலிமரேஸ் பல துண்டுகள் சேர்ந்தது. அதில் பீட்டா என்னும் துண்டில், எழுதப்படும் ஆர்.என்.ஏ வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் ஒரு சிறு குழி இருக்கிறது. ரிஃபாம்பிசின் அந்தக் குழியில் போய் அமர்ந்துகொள்ளும். இரண்டு மூன்று எழுத்துகள் சேர்ந்ததும் ஆர்.என்.ஏ-வின் நுனி மருந்தின் மீது முட்டும், அதற்கு மேல் வளர வழியில்லை. நிவேதிதா எழுதிய தடுமாற்றக் கட்டத்தைத் தாண்டி ஏற்கெனவே ஓடத் தொடங்கிய பாலிமரேஸை இந்த மருந்தால் நிறுத்த முடியாது. வழி அப்போது ஆர்.என்.ஏ-வால் நிறைந்திருப்பதால் மருந்துக்கு இடமிருக்காது. ஆனால் புதிதாக எதுவும் தொடங்க முடியாமல் கிருமி மடிந்துபோகும். நம் உட்கருவிலுள்ள பாலிமரேஸ்களிலும் அதே இடம் இருக்கிறது, ஆனால் அங்குள்ள அமினோ அமிலங்கள் வேறாக இருப்பதால் சிகிச்சைக்குத் தரும் அளவில் மருந்து அங்கே ஒட்டுவதில்லை. உங்கள் மாமனார் தப்பியது அந்தச் சிறு வேறுபாட்டால்.

கிருமியும் அதே வேறுபாட்டைக் கற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் கவலை. பீட்டா துண்டுக்கான மரபணுவின் பெயர் ஆர்.பி.ஓ-பி. ரிஃபாம்பிசினுக்கு மசியாத காசநோய்க் கிருமிகளில் ஏறக்குறைய 95 சதவீதத்தில், அந்த மரபணுவின் 81 எழுத்துகள் கொண்ட ஒரே சிறு பகுதியில்தான் மாற்றம் இருக்கிறது. நாங்கள் சிபிநாட் என்று சொல்லும் சோதனை அந்த 81 எழுத்துகளைப் படிப்பதற்காகவே உருவானது. சளியை ஒரு திரவத்துடன் கலந்து கால் மணி நேரம் வைத்து, கார்ட்ரிட்ஜில் ஊற்றி இயந்திரத்தில் வைத்தால், கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு மசியுமா என்ற இரண்டு விடைகளும் சுமார் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். முன்பு கிருமியை வளர்த்துப் பார்த்துச் சொல்வதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

ஐயா சொன்ன மூல ஏட்டுப் பிழைக்கு இதுவே நேர் எடுத்துக்காட்டு. எங்களுக்கு அடிக்கடி அகப்படும் மாற்றத்தில் டி-சி-ஜி என்பது டி-டி-ஜி ஆகியிருக்கும், அதனால் செரின் இருக்க வேண்டிய இடத்தில் லியூசின் வந்து, குழியின் வடிவம் மாறி, மருந்து அமர முடியாமல் போகும். ஒரே ஓர் எழுத்து. இதில் விந்தை என்னவென்றால், அந்தப் பிழையைப் படியெடுத்து அடுத்த பாலிமரேஸை உண்டாக்குவதும் பாலிமரேஸ்தான். பல கோடிக் கிருமிகளில் ஒன்றிரண்டு இப்படித் தற்செயலாக மாறியிருக்கும். ரிஃபாம்பிசினை மட்டும் தனியாகக் கொடுத்தால் மற்றவை செத்து அவை மட்டும் பெருகும். வேறு மூன்று மருந்துகளை அதனுடன் சேர்த்துத் தொடங்குவதும், நடுவில் நிறுத்தாதீர்கள் என்று மன்றாடுவதும் அதனால்தான்.

நான் மேலே எழுதியது குறியீட்டு இழை. வார்ப்புரு இழையில் அந்த மாற்றம் எப்படித் தெரியும் என்று மகளிடம் கேளுங்கள்.

கோமதி, செம்பூர்

கேட்டேன், தம்பி. 3 பிரைம் முனையிலிருந்து படித்தால் ஏ-ஜி-சி என்பது ஏ-ஏ-சி ஆகியிருக்கும் என்று எழுதித் தந்தாள். ஆர்.என்.ஏ-வில் யு-சி-ஜி என்பது யு-யு-ஜி ஆகும் என்பதையும் கேட்காமலேயே கீழே எழுதியிருக்கிறாள்.